டம்மி போட்டவன் நகரக் கூடாது

மாப்ள,

மேசை மேல் ஒரு டம்மி கிடக்கிறது. பித்தளை. லேத்தில் கடைந்து, இடது மரை வெட்டி, மரையில் வெள்ளை டேப்பை மூன்று சுற்றுச் சுற்றியிருக்கிறார்கள். மூக்கருகே கொண்டுபோனால் கருகின காப்பித்தூள் வாசமும் காந்தின பித்தளை வாசமும் இன்னும் வருகிறது. அந்த வாசம் எனக்கு ஒரே ஒரு நாளைத்தான் கொண்டுவரும். எந்த நாள் என்று உனக்குத் தெரியும்.

இதை இடது கையால் தட்டுகிறேன். வலது கை மாவுக்கட்டில் இருக்கிறது. அது எப்படி உடைந்தது என்று சொல்லத்தான் இந்தக் கடிதம். பின்னால் ஒருநாள் உன் மகளும் இதைப் படிப்பாள். அதனால் உனக்குத் தெரிந்ததையும் சேர்த்தே எழுதுகிறேன். டம்மி என்பது, கசிகிற வால்வைக் கழற்றிவிட்டு அந்த ஓட்டையை அடைக்கப் போடும் திருகு. போர்வெல் ரிக் வண்டியில் பிழைத்தவர்கள் அதை வீட்டுச் சாவி மாதிரி வைத்திருப்பார்கள். உன் பாக்கெட்டில் எப்போதும் நாலு கிடக்கும்.

எட்டு வருடம் ஆந்திராவிலும் ராஜஸ்தானிலும் ரிக் ஓட்டிவிட்டு நீ திருச்செங்கோட்டுக்குத் திரும்பியபோது உன் இடது காது போயிருந்தது. கம்ப்ரஸர் தின்றுவிட்டது என்றாய். கூட ஒரு தகரப் பெட்டி. உள்ளே துணிமணி இருக்கும் என்று திறந்தால் காப்பிச் சாமான். ஒரு கண்ணாடிக் குடுவையின் தலையில் இன்னொன்று உட்காரும் சைஃபன், சைக்கிள் பம்பு மாதிரி அழுத்துகிற பிளாஸ்டிக் பிஸ்டன், கொக்குக் கழுத்துக் கெட்டில், பிடியைச் சுற்றி அரைக்கிற கிரைண்டர், காமிரா லென்ஸ் வடிவத்தில் ஒரு டம்ளர். ரிக்கில் மற்றவர்கள் அடுப்பு மூட்டிச் சோறு பொங்கும்போது நீ சைலன்சர் சூட்டில் தண்ணீரைக் காய வைத்துக்கொண்டு இதையெல்லாம் பரப்பி உட்காருவாயாம்.

"பாறையத் தொளச்சு நாளெல்லாம் புழுதி தின்னவனுக்கு நாக்குல ஒரு நல்ல காப்பி படோணும்டா" என்றாய்.

அந்தச் சாமான்களை நீ கொஞ்சினாய் என்று யாராவது நினைத்தால் தப்பு. உடைத்தாய். எதை வாங்கினாலும் ஒரு மாதம் புழங்குவாய். பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் வாசலில் சம்மட்டியோடு உட்காருவாய். கிரைண்டரில் காப்பிக்கொட்டையோடு ஜல்லியைப் போட்டுச் சுற்றினாய். விழுந்தாலும் உடையாது என்று எழுதியிருந்த ஃபிளாஸ்க்கின் மேல் உன் மாமனாரின் டெம்போவை ஏற்றினாய். ஏற்றி இறக்கிவிட்டுக் குனிந்து பார்ப்பாய். முதலில் போனது மூடியா, மரையா, வாஷரா?

"எங்க ஒடையுதோ அங்கதான்டா செஞ்சவன் புத்தி தெரியும்."

நான் மெக்கானிக்கல் படித்தவன். நாலு வருடத்தில் எந்த வகுப்பிலும் இப்படி ஒரு வரி காதில் விழுந்ததில்லை. பத்தாவதோடு ரிக் ஏறிய நீ இதைச் சொன்னது எனக்கு எரிச்சலாகவும் இருந்தது. அதையும் எழுதிவிடுகிறேன்.

மினி ரிக் உன் கிறுக்கு. மேசையில் வைக்கிற அளவில் ஒரு ரிக் லாரி. கம்ப்ரஸர் இருக்க வேண்டிய இடத்தில் பித்தளை பாய்லர். பட்டனை அழுத்தினால் படுத்திருக்கும் மாஸ்ட் கம்பம் எழுந்து நிற்கும். அதிலிருந்து ராடு இறங்கிக் கோப்பைக்குள் போகும். ராடு நுனியில் காப்பி வரும். அது வடியக் கூடாது, பீச்ச வேண்டும் என்றாய். முதலில் புஸ்ஸென்று காற்று, பிறகு சேறு மாதிரி கொஞ்சம் நுரை, அதற்குப் பிறகுதான் காப்பி. ஆயிரம் அடியில் தண்ணீர் பட்டால் எப்படி வருமோ அப்படி. அந்தப் 'புஸ்'ஸுக்காக நான் மூன்று மாதம் செத்தேன். முதல் தடவை சரியாக வந்த அன்று நீ எலுமிச்சம்பழம் வெட்டி, கற்பூரம் கொளுத்தி, லாரியின் முன்சக்கரத்தடியில் இரண்டு துண்டையும் வைத்தாய். அந்தச் சக்கரம் என் கட்டைவிரல் அளவுதான் இருக்கும்.

"தண்ணி பட்டுருச்சு மாப்ள. ரெண்டு இஞ்சு."

சேலத்தில் ஒரு காப்பிக் கடைக்கு அதைக் காட்டப் போனோமே. சுவரெல்லாம் கரும்பலகை, மேடையில் வரிசையாக ஆறு சைஃபன். முதலாளிக்கு நம் வயதுதான். ராடு இறங்குவதைப் பார்த்துச் சிரித்தான்.

"பொம்மை நல்லாருக்கு ப்ரோ. குழந்தைங்க டேபிள்ல வெக்கலாம்."

"ஒரு வாய் குடிச்சுப் பாத்துட்டுச் சொல்லுங்க" என்றாய். அதுவரை மரியாதையாகத்தான் பேசினாய்.

"எங்க கஸ்டமர் லாரித் தண்ணியெல்லாம் குடிக்க மாட்டாங்க."

நீ மேடைப் பக்கம் போனாய். முதல் சைஃபனை எடுத்து மேடை விளிம்பில் தட்டினாய். இரண்டாவதைத் தட்டிவிட்டு, "இது கழுத்துல போவுது. கண்ணாடிய அங்க ஒட்டியிருக்கறான், பாரு" என்று எனக்குக் காட்டினாய். மூன்றாவதில் அவன் உன் சட்டையைப் பிடித்து வாயில் ஒன்று விட்டான். அதற்கப்புறம் அவன் மூக்கிலிருந்து வந்த ரத்தம், வாடிக்கையாளர் ஒருவர் பாதி குடித்து வைத்திருந்த வெள்ளைக் கோப்பையில் சொட்டியது. உன்னை இழுக்க வந்த எனக்கு உன் முழங்கை உதட்டில் பட்டது. திரும்பும் பஸ்ஸில் இருவரும் ஒரே துண்டால் வாயைத் துடைத்துக்கொண்டோம்.

"நீயும் ஒரு அடி போட்டிருக்கலாமில்ல?"

"படிச்சவன் அடிக்க மாட்டான்."

"அப்பறம் படிச்சவன் என்னதான் பண்ணுவான்?"

"கணக்குப் போடுவான்."

நீ சிரித்தாய். பல் வரிசையெல்லாம் சிவப்பு. "கணக்கு தப்பாப் போனா?" என்று கேட்டுவிட்டு, ஆட்டையாம்பட்டி வருவதற்குள் தூங்கிவிட்டாய்.

உன்னைக் கோபக்காரன் என்று ஊர் சொல்லும். சரிதான். ஆனால் எனக்குத் தெரிந்த கோபக்காரர்களிலேயே அதிக நேரம் அசையாமல் நிற்கத் தெரிந்தவன் நீ. நம் பட்டறையில் முதல் பாய்லருக்கு, மிஞ்சின ஆவியை வெளியே விடும் சேஃப்டி வால்வு ஒழுகிய அன்று அதைப் பார்த்தேன். புது வால்வு வரும்வரை நிறுத்தலாம் என்றேன். நீ பாக்கெட்டிலிருந்து டம்மியை எடுத்துப் போட்டாய். போட்டுவிட்டு வலது கையை மெயின் ஸ்விட்ச்சில் வைத்தாய், கண்ணைப் பிரஷர் மீட்டரில் வைத்தாய். நாற்பது நிமிடம். போன் அடித்தது, எடுக்கவில்லை. உன் மகள் வந்து காலைக் கட்டினாள். "புள்ளைய வெளிய கொண்டு போ" என்று திரும்பாமலே கத்தினாய். பித்தளை எவ்வளவு தாங்கும் என்று கணக்குச் சொல்லிக்கொண்டே நான் உன் தோளைப் பிடித்து இழுத்தேன். இடது கையால் ஓங்கி அறைந்தாய். எனக்குக் காதுக்குள் விசில் அடித்தது. வலது கை ஸ்விட்ச்சிலேயே இருந்தது.

"டம்மி போட்டவன் நகரக் கூடாதுடா. ஒண்ணுக்கு வந்தாலும் நின்ன எடத்துலயே போவோணும். வால்வு பாக்கற வேலைய இப்ப நான் பாத்துட்டிருக்கறேன். வால்வு எங்கயாச்சும் நடந்து போவுமா?"

ரிக்கில் டம்மி போடுவது யாருக்கும் குற்றமில்லை. பாதிக் குழியில் வண்டியை நிறுத்த முடியாது. ஆனால் போட்டவன் வேலை முடியும்வரை லீவரை விட மாட்டான். அதுதான் உங்கள் சட்டம். எனக்கு அதில் முதல் பாதிதான் ஏறியது. டம்மி போட்டால் வேலை நிற்காது என்பது மட்டும்.

அந்த நாளுக்கு வருகிறேன்.

ஜேடர்பாளையத்துப் பக்கமிருந்து ஒரு ரிக் முதலாளி வருவதாக இருந்தது. மகள் கல்யாணத்துக்கு வரும் ஒறம்பரை சொந்தங்களில் முக்கியமானவர்களுக்குத் தர, பன்னிரண்டு மினி ரிக் வேண்டும் என்றார். நம் முதல் பெரிய ஆர்டர். காலை பதினோரு மணி. பால் போதாது என்று நீ வீட்டுக்குப் போயிருந்தாய். வால்வு சீற ஆரம்பித்தது. விடாமல் சீறியது. ஆள் வரும் நேரத்தில் மிஷின் இப்படிக் கத்தினால் யார் வாங்குவான் என்று எனக்கு ஆத்திரம். மீட்டரைப் பார்க்கவில்லை மாப்ள. பார்த்திருந்தால் முள் எங்கே நிற்கிறது என்று தெரிந்திருக்கும். ஹீட்டரை அணைக்க வேண்டிய பிரஷர் ஸ்விட்ச் ஒட்டிக்கொண்டு, ஹீட்டர் நிற்காமல் ஓடிக்கொண்டிருந்தது. வால்வு தன் வேலையை ஒழுங்காகத்தான் செய்தது. நான், நாலு வருடம் படித்தவன், பழைய மட்டமான வால்வு ஒழுகுகிறது என்று முடிவு செய்தேன்.

மெயினை அணைத்தேன். ஆவியை விட்டேன். வால்வைக் கழற்றினேன். உன் டப்பாவிலிருந்து ஒரு டம்மி. டேப் சுற்றி, ஸ்பானர் போட்டு முறுக்கினேன். மறுபடி மெயினைப் போட்டேன். சத்தம் நின்றது. நிம்மதியாக இருந்தது. போன் அடித்தது, எடுத்தேன். சங்ககிரி ரோட்டில் திருப்பத்தை விட்டுவிட்டார்களாம், பெட்ரோல் பங்க்கில் நிற்கிறார்களாம். கூட்டிவர நடந்தேன்.

நான் ரோட்டில் நின்று அவர்களோடு சிரித்துக்கொண்டிருந்தபோது நீ பின்சந்து வழியாகப் பால் தூக்கோடு உள்ளே போயிருக்கிறாய். மிஷின் சத்தமில்லாமல் இருந்திருக்கும். ஒரு காதுக்காரன் எப்படிக் கேட்பான்? உள்ளங்கையை வைத்துக் கேட்பான். வண்டியின் அதிர்வைக் கையால் கேட்பதுதான் உன் வழக்கம். பக்கத்தில் போய்க் குனிந்திருக்கிறாய்.

மாஸ்ட் கூரை ஷீட்டைக் கிழித்துக்கொண்டு வெளியே போய்ப் பக்கத்துச் சோளக்காட்டில் விழுந்தது. பாய்லரின் மூடி சுவரில் செங்கல் ஆழத்துக்குப் பதிந்திருந்தது. உள்ளே ஓடி வந்தபோது ஆவியில் எதுவும் தெரியவில்லை. காலில் பால் வழுக்கியது. அது பால் மட்டும் இல்லை என்று வெளியே வந்து செருப்பைப் பார்த்தபோதுதான் தெரிந்தது. உன் முகத்தைப் பற்றி எழுத மாட்டேன், உன் மகள் படிப்பாள். அந்த நிலையிலும் நீ பேசினாய். "மெயின ஆஃப் பண்ணு." அவ்வளவுதான். சேலம் போய்ச் சேரும் முன்னால், ஆம்புலன்சில், என் மடியில் போய்விட்டாய்.

பாய்லர் இரண்டாகக் கிழிந்து கிடந்தது. மடித்து ஒட்டிய இடமெல்லாம் விட்டிருந்தது. டம்மி மட்டும் தன் ஓட்டையில் அப்படியே இருந்தது. நன்றாக முறுக்கியிருந்தேன்.

விசாரிக்க வந்த போலீஸ்காரர் அதைத் தொட்டு, "இது யாரு வேல?" என்றார். கூடியிருந்த ரிக்குக்காரர்களில் ஒருவர் முந்திக்கொண்டார். "வேற யாருங்க, அவந்தான். பாக்கெட்டுல வெச்சுட்டே திரிவான். நெம்ப அவசரக்காரனுங்க." நான் பக்கத்தில் நின்றேன். கம்மென்று நின்றேன். சம்பவத்தின்போது நான் ரோட்டில் இருந்தேன் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். ஒரு எழுத்துக்கூடப் பொய் இல்லை.

உன் காரியமெல்லாம் முடிந்த வாரத்தில் உன் மனைவி பட்டறைக்கு வந்தாள். "நானும் வேலைக்கு வாரேனுங்கண்ணா" என்றாள். வேண்டாம் என்று சொல்ல எனக்கு வாய் ஏது? ஆட்டையாம்பட்டியில் தறி ஓடுகிற வீட்டில் பிறந்தவள். ஒரு தறியில் சத்தம் மாறினால் அடுத்த அறையிலிருந்து எந்தத் தறி என்று சொல்வாளாமே. பாய்லர்களுக்குத் தண்ணீர் ஏற்றி அழுத்திப் பார்க்கிற கைப்பம்பை அவளிடம் கொடுத்தேன். இரண்டு வருடமாக அவள் கை படாமல் ஒரு மினி ரிக்கும் வெளியே போகவில்லை. நானும் டிசைனை மாற்றினேன். கடையில் கிடைக்கிற எந்த டம்மியும் ஏறாதபடி வால்வுக்கு இடது மரை வைத்தேன். அதையும் மீறினால் சூட்டில் உருகி ஹீட்டரை அறுத்துவிடும் ஃபியூஸ் ஒன்றை உள்ளே மறைத்து வைத்தேன். ஆட்கள் மினி ரிக்கைப் படம் எடுத்துப் போடுகிறார்கள். அந்தச் சேலத்துக் கடைக்காரனே ஒன்று வாங்கியிருக்கிறான். குழந்தைகள் டேபிளில் இல்லை, வாசலிலேயே வைத்திருக்கிறான்.

போன செவ்வாய்க்கிழமை ஒரு மிஷின் திரும்பி வந்தது. 'சூடாகவில்லை' என்று சீட்டு. உன் மனைவிதான் பிரித்தாள். வால்வு இருக்க வேண்டிய இடத்தில் இந்த டம்மி. வாங்கியவரின் மெக்கானிக்குக்குப் போன் போட்டு, ஸ்பீக்கரில் வைத்தேன்.

"வால்வு சும்மா கத்திட்டே இருந்துச்சுங்க. எங்ககிட்ட இடது மரை டம்மி இல்லீங்க. அதான் லேத்துல குடுத்துக் கடைஞ்சு வாய அடச்சுட்டேன். எப்படிங்க நம்ம வேல?"

"அடச்சுட்டு எங்க போன?"

"சோறு திங்கப் போனேனுங்க. வந்து பாத்தா செத்துக் கெடக்குது. உங்க மிஷினு அவ்வளவுதானுங்களா?"

போனை வைத்தேன். டம்மியைக் கழற்றி மேசையில் போட்டேன். மூலையில் உன் சம்மட்டி இருந்தது. அந்த மிஷினைத் தரையில் இறக்கி அடித்தேன். மாஸ்ட், சக்கரம், கேபின் எல்லாம் தகடு ஆகும்வரை அடித்தேன். எங்கே உடைகிறது என்று குனிந்து பார்க்கவில்லை. உன்னை மாதிரி அடிக்க எனக்கு வராது.

உன் மனைவி கதவோரம் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள்.

"எதுக்குங்கண்ணா இத்தன கோவம்? அந்த மனுசன் பொழச்சுட்டாருல்ல. ஃபியூஸ் காப்பாத்திருச்சுல்ல." மேசை மேலிருந்த டம்மியை எடுத்துத் திருப்பிப் பார்த்தாள். "அவரும் இப்படித்தான அடச்சுட்டுப் பக்கத்துல போயி நின்னாரு. ரெண்டு வருசமா அவரத் திட்டாத நாளில்லீங்க. பாப்பாகிட்டயும் சொல்லித்தான் வெச்சிருக்கறேன். உங்கப்பன் அவசரத்துல செத்தான் சாமி, நீ அந்தப் புத்தியோட வளராதேன்னு."

பாப்பா. அவளுக்கு ஏழு வயது. இரண்டு வருடமாக அந்த வீட்டில் நீ தினமும் இப்படித்தான் செத்துக்கொண்டிருந்திருக்கிறாய். என்னால்.

"டம்மி அவன் போடல" என்றேன். "நாந்தான் போட்டேன். போட்டுட்டு ரோட்டுக்குப் போயிட்டேன். அவனுக்குத் தெரியாது. பால் கொண்டாந்தான், அவ்வளவுதான்."

அவள் டம்மியை மேசை மேல் வைத்தாள். வெளியே ஏதோ ஒரு ரிக் லாரி கியர் மாற்றி மேடேறும் சத்தம் கேட்டு, தேய்ந்து, அடங்கியது.

"எந்தக் கையில முறுக்குன?"

'ங்க'வும் இல்லை, 'அண்ணா'வும் இல்லை. வலது கையைக் காட்டினேன்.

"அங்க வெய்யி."

இரும்பைக் கவ்விப் பிடிக்கிற வைஸ் பூட்டிய மேசையின் விளிம்பில் வைத்தேன். அவள் கைப்பம்பின் பிடியை உருவினாள். முக்கால் இஞ்சு இரும்புக் குழாய். இரண்டு கையாலும் பிடித்து, தலைக்கு மேல் தூக்கினாள். அது இறங்குவதற்குள் கையை இழுத்துக்கொள்ள நேரம் இருந்தது. நிறைய நேரம் இருந்தது மாப்ள. மணிக்கட்டில் எலும்பு போகிற சத்தத்தை நான் கேட்டேன், அவளும் கேட்டிருப்பாள். ஒருமுறைதான் அடித்தாள். பிடியைத் திரும்பப் பம்பில் மாட்டிவிட்டு, அழுதாள். எனக்காக இல்லை.

பிறகு அவளே தன் ஸ்கூட்டரில் என்னை ஏற்றிக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போனாள். "எப்படி ஆச்சு?" என்று டாக்டர் என்னைக் கேட்டார். "நாந்தானுங்க அடிச்சேன்" என்று அவள் சொன்னாள். டாக்டர் எக்ஸ்ரேக்கு எழுதிக் கொடுத்தார். வெளியே வந்து ஸ்கூட்டரை எடுக்கும்போது சொன்னாள்.

"ஸ்டேசன்ல போயிச் சொல்லு. அதுக்கு முன்னால ஊட்டுக்கு வந்து பாப்பாகிட்டச் சொல்லு. நாஞ் சொன்னா நம்ப மாட்டா. அவ்வளவு நாளாச் சொல்லி வெச்சிருக்கறேன்."

நேற்றுக் காலை போனேன். உன் மகள் அந்தக் கொக்குக் கெட்டிலால் செடிக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தாள். உன் பெட்டியில் நீ உடைக்காமல் விட்ட ஒரே சாமான் அது. சொன்னேன். புரிகிற மாதிரி மெதுவாகச் சொல்ல எனக்குத் தெரியாது, அதனால் நேராகவே சொன்னேன். என் கட்டைப் பார்த்தாள். பிறகு கேட்டாள்.

"அப்ப அப்பா அவசரப்படலீங்களா?"

"இல்ல சாமி. உங்கப்பா பாலு கொண்டாந்தாரு. அவசரப்பட்டது நானு."

"போங்க" என்றாள். கெட்டிலைக் கீழே வைக்காமல் சொன்னாள். போனேன்.

விற்ற மினி ரிக் அத்தனையையும் திருப்பி அனுப்பச் சொல்லி ஆட்களுக்கு எழுதிவிட்டேன். எத்தனை வாய் அடைபட்டிருக்கிறது என்று பார்க்க வேண்டும். நான் உள்ளே போனாலும் பார்க்க உன் மனைவி இருக்கிறாள். எனக்கு முன்னாலேயே அவளுக்குக் கேட்டுவிடும்.

நாளைக் காலை பத்து மணிக்கு ஸ்டேஷன். இந்த டம்மியைப் பாக்கெட்டில் போட்டுக்கொண்டு போகிறேன். அதிகாரி இல்லை, அப்புறம் வா என்பார்கள். இரண்டு வருடம் கழித்து என்ன என்பார்கள். உட்காரச் சொல்வார்கள். உட்கார மாட்டேன். போன் அடித்தால் எடுக்க மாட்டேன். நான் சொல்வதைக் கடைசி வரி வரை எழுதி வாங்கும்வரை அந்த மேசை முன்னால் நிற்பேன்.

நீ அறைந்து சொன்னதில் மிச்சமிருந்த பாதி இப்போதுதான் எனக்குள் இறங்கியிருக்கிறது. வால்வு எங்கேயும் நடந்து போகாது.